அணு ஆயுதப் பரவல் தடுப்பும் எல்லைத் தொழில் மண்டலமும்: ஓசூர் – கிருஷ்ணகிரி துல்லியப் பொறியியல் பட்டறைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அணு ஆயுதப் பரவலைத் தடுக்கும் பன்னாட்டு ஏற்பாடுகள் அணு உலைகளையும் அணுப்பொருள்களையும் கண்காணிக்கும் முறையாகத் தொடங்கின. பின்னர் அவை ஆயுத ஆக்கத்துக்கு உதவக்கூடிய எந்திரங்கள், உலோகங்கள், வரைபடங்கள் ஆகியவற்றின் வணிகத்தையும் கட்டுப்படுத்தும் முறையாக விரிவடைந்தன. இவ்விரிவாக்கத்தால் அணுசக்தியோடு நேரடித் தொடர்பற்ற துல்லியப் பொறியியல் தொழிற்கூடங்களும் பரவல் தடுப்பின் எல்லைக்குள் வந்துள்ளன. கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர் – கிருஷ்ணகிரி தொழில் மண்டலத்தைக் களமாகக் கொண்டு, சட்டம் ஏற்றுமதியாளர்மீது சுமத்தும் பொறுப்புக்கும் உதிரிபாகத்தை உண்மையில் உருவாக்கும் சிறு பட்டறையின் அறிவுக்கும் இடையிலுள்ள இடைவெளியை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்விடைவெளியைக் குறைக்கும் வழிகளையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: அணு ஆயுதப் பரவல் தடுப்பு, காப்புக் கண்காணிப்பு, இரட்டைப் பயன்பாட்டுப் பொருள், ஸ்கோமெட் பட்டியல், ஓசூர், ஒப்படைப்பு வேலை

முன்னுரை

அணு ஆயுதப் பரவல் என்றவுடன் அணு உலை, செறிவூட்டு நிலையம், வல்லரசுகளின் பேச்சுவார்த்தை ஆகியவையே நினைவுக்கு வரும். கடைசல் எந்திரமும் அலுமினியக் குழாயும் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் கடந்த நாற்பது ஆண்டுகளில் வெளிப்பட்ட பரவல் நிகழ்வுகளை நோக்கின், அவற்றின் பெரும்பகுதி இத்தகைய எளிய பொருள்களின் வழியே நடந்திருப்பதை அறியமுடிகிறது. யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்குக் கருவி, மிக நுண்ணிய அளவில் கடையப்பட்ட உருளைகளும் வளையங்களும் தாங்கிகளும் சேர்ந்த ஒரு பொறியே. அதன் தனித்தனிப் பாகங்களை நல்ல எந்திரமும் தேர்ந்த தொழிலாளரும் உள்ள எந்தப் பட்டறையிலும் செய்யலாம்.

ஓசூர் – கிருஷ்ணகிரி மண்டலம் அத்தகைய திறன் செறிந்த பகுதி. வாகனம், கடிகாரம், மின்னணுவியல், வான்வெளி ஆகிய துறைகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்கூடங்கள் இங்குப் பெருகியுள்ளன. இம்மண்டலத்தில் பரவல் குற்றம் எதுவும் நிகழ்ந்ததாகக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. திறன் இருக்கும் இடத்தில் பொறுப்பு எவ்வாறு பகிரப்பட வேண்டும் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

காப்புக் கண்காணிப்பின் படிநிலை வளர்ச்சி

பன்னாட்டு அணுசக்தி முகமை 1957இல் நிறுவப்பட்டது. 1970இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், அதில் இணைந்த அணு ஆயுதமற்ற நாடுகள் தம்மிடமுள்ள அணுப்பொருள் முழுவதையும் முகமையின் கண்காணிப்பின்கீழ் வைக்க உடன்பட்டன. இக்கண்காணிப்பின் அடிப்படை கணக்கியல் ஆகும். ஒரு நாடு எவ்வளவு அணுப்பொருள் வைத்துள்ளது, எங்கு வைத்துள்ளது, எதற்குப் பயன்படுத்துகிறது என்று அறிவிக்கும். ஆய்வாளர்கள் அவ்வறிவிப்பை எடையாலும் முத்திரையாலும் ஒளிப்படக் கருவியாலும் சரிபார்ப்பர். ஓர் ஆயுதத்துக்குப் போதுமானதாகக் கருதப்படும் குறியீட்டளவு புளூட்டோனியத்தில் 8 கிலோகிராம். உயர்செறிவு யுரேனியத்தில் அடங்கிய யுரேனியம்-235 எனின் 25 கிலோகிராம். இவ்வளவு பொருள் திசைதிரும்பினால் உரிய காலத்துக்குள் கண்டறிவதே கண்காணிப்பின் இலக்கு.

அறிவிக்கப்பட்டதைச் சரிபார்க்கும் இம்முறைக்கு ஒரு குறை இருந்தது. அறிவிக்கப்படாததை அது காண இயலவில்லை. 1991 வளைகுடாப் போருக்குப்பின் ஈராக்கில் நடந்த ஆய்வுகள் இக்குறையை வெளிப்படுத்தின. ஒப்பந்தத்தில் இணைந்து முறையான கண்காணிப்பின்கீழ் இருந்த அந்நாடு, அறிவிக்கப்படாத இடங்களில் செறிவூட்டல் பணியை நடத்தியிருந்தது. அதற்குரிய எந்திரங்களும் உலோகங்களும் பல நாடுகளிலிருந்து சாதாரண வணிகத்தின் வழியே சென்றிருந்தன.

இதன் விளைவாக இரு சீர்திருத்தங்கள் ஏற்பட்டன. ஒன்று, அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழு 1992இல் இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்களுக்கெனத் தனி வழிகாட்டு நெறிகளை வகுத்தது. மற்றொன்று, 1997இல் முகமையின் ஆளுநர் குழு மாதிரிக் கூடுதல் நெறிமுறைக்கு ஒப்புதல் அளித்தது. இதன்படி நாடுகள் அணுப்பொருளை மட்டுமன்றி, அணுசக்தி சார்ந்த ஆய்வு, கருவி உற்பத்தி, ஏற்றுமதி ஆகியவற்றையும் அறிவிக்க வேண்டும். பொருளைக் காப்பது என்ற நிலையிலிருந்து திறனைக் கவனிப்பது என்ற நிலைக்குக் காப்பு ஏற்பாடுகள் நகர்ந்தமையை இவ்விரண்டும் உணர்த்துகின்றன.

இந்தியாவின் நிலை: கூடங்குளமும் கல்பாக்கமும்

இந்தியா பரவல் தடை ஒப்பந்தத்தில் இணையவில்லை. 1974, 1998 ஆகிய ஆண்டுகளில் அணுவெடிப்புச் சோதனை நடத்திய நாடு அது. அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழு உருவாவதற்கே 1974ஆம் ஆண்டுச் சோதனை காரணமாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது. ஆகவே இந்தியாவில் காப்புக் கண்காணிப்பு நாடு முழுமைக்குமானதன்று. குறிப்பிட்ட நிலையங்களுக்கு மட்டும் உரியது.

2006ஆம் ஆண்டுப் பிரிப்புத் திட்டத்தின்படி, அன்று இயங்கியும் கட்டப்பட்டும் வந்த 22 வெப்ப அணு உலைகளில் 14 உலைகளைக் குடிசார் பிரிவாக அறிவித்துக் கண்காணிப்பின்கீழ் வைக்க இந்தியா முன்வந்தது. இதற்கான உடன்படிக்கை 2009 பிப்ரவரியில் கையெழுத்தாகி அதே ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. கூடுதல் நெறிமுறை 2014 ஜூலை 25 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியாவுக்கான இந்நெறிமுறை மாதிரி நெறிமுறையைவிடச் சுருங்கியது. அணுசக்தி சார்ந்த ஏற்றுமதிகளைப் பற்றிய தகவல் அளிப்பதற்கு அதில் முதன்மையான இடம் தரப்பட்டுள்ளது.

தமிழகத்தின் இரு அணுமின் வளாகங்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றன. உருசிய உதவியுடன் அமைந்த கூடங்குளத்தின் முதலிரு உலைகள் முகமையின் கண்காணிப்பின்கீழ் உள்ளன. கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையமும் முன்மாதிரி வேக ஈனுலையும் கண்காணிப்புப் பட்டியலுக்கு வெளியே உள்ளன. ஒரே மாநிலத்தில், ஒரே கடற்கரையில் இருவேறு ஆட்சிமுறைகள் நிலவுகின்றன எனலாம். இந்தியா ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்பதால், பரவலைத் தடுக்கும் பொறுப்புள்ள நாடு என்ற மதிப்பை அது உலைகளின் கண்காணிப்பால் மட்டும் பெற இயலாது. தன் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் நம்பகத்தன்மையாலும் பெற வேண்டியுள்ளது. அந்நம்பகத்தன்மை தில்லி அலுவலகங்களில் எழுதப்படினும், தொழிற்கூடங்களில்தான் மெய்ப்பிக்கப்படுகிறது.

ஷா ஆலம் காட்டும் பாடம்

தொழிற்கூடத்துக்கும் பரவலுக்கும் உள்ள தொடர்பை அறிய மலேசியாவின் ஷா ஆலம் நிகழ்வு சிறந்த சான்றாகும். 2003 அக்டோபரில் துபாயிலிருந்து லிபியா நோக்கிச் சென்ற 'பிபிசி சைனா' என்னும் கப்பல் இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பப்பட்டது. அதிலிருந்த பெட்டகங்களில் மையவிலக்குக் கருவியின் பாகங்கள் கண்டெடுக்கப்பட்டன. அவை ஷா ஆலமில் இயங்கிய ஸ்கோப் என்னும் துல்லியப் பொறியியல் நிறுவனத்தில் செய்யப்பட்டவை. பாகிஸ்தான் அறிவியலாளர் அப்துல் காதிர் கானின் வலையமைப்புக்காக, துபாயில் வணிகம் செய்த இலங்கையரான பி. எஸ். ஏ. தாஹிர் இவ்வேலையை ஏற்பாடு செய்திருந்தார்.

2004 பிப்ரவரியில் மலேசியக் காவல்துறை வெளியிட்ட அறிக்கை பல செய்திகளைத் தருகிறது. ஏறத்தாழ 1.3 கோடி ரிங்கிட் மதிப்புள்ள இவ்வொப்பந்தத்தின்கீழ் 14 வகைப் பாகங்கள் செய்யப்பட்டன. 2002 டிசம்பர் முதல் 2003 ஆகஸ்டு வரை நான்கு தவணைகளில் அவை துபாய்க்கு அனுப்பப்பட்டன. பாகங்களின் உண்மையான பயன்பாடு தமக்குத் தெரியாது என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. தொழில்நுட்ப ஆலோசகராக அமர்த்தப்பட்ட சுவிஸ் பொறியாளர் ஒருவர், வணிக இரகசியம் என்ற காரணம் காட்டி, வேலை முடிந்ததும் வரைபடங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்வது வழக்கம் என்றும் அவ்வறிக்கை கூறுகிறது.

இதே நிறுவனத்துக்கு ஜப்பானின் மிட்டுடோயோ நிறுவனம் முப்பரிமாண அளவைக் கருவிகளை ஏற்றுமதி செய்திருந்தது. அவற்றுள் ஒன்று பின்னர் லிபியாவில் முகமையின் ஆய்வாளர்களால் காணப்பட்டது. உரிய உரிமமின்றி ஏற்றுமதி செய்ததற்காக அந்நிறுவனத்தின் உயர் அலுவலர்கள் 2006இல் ஜப்பானில் கைது செய்யப்பட்டனர்.

இந்நிகழ்விலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, கருவியின் முழு வடிவத்தை அறியாமலே அதன் பாகங்களைச் செய்ய முடியும். இரண்டாவது, உற்பத்தி செய்த நாட்டில் அன்று இதற்கெனத் தனிச் சட்டம் இல்லாதபோது குற்றத்தை வரையறுப்பதே கடினமாகிறது. மலேசியா 2010இல்தான் உத்திசார் வணிகச் சட்டத்தை இயற்றியது. மூன்றாவது, எச்சரிக்கைக் குறிகள் பட்டறைத் தளத்திலேயே இருந்தன. பயன்பாடு சொல்லப்படாத பாகம், திரும்பப் பெறப்படும் வரைபடம், இடைத்தரகர் வழியான ஏற்றுமதி ஆகியவை அக்குறிகள். அவற்றைக் குறிகளாகக் காணும் பயிற்சியே அங்கு இல்லை.

2004 ஏப்ரல் 28 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை ஒருமனதாக நிறைவேற்றிய 1540ஆம் தீர்மானம், இத்தகைய இடைவெளிகளை அடைக்கும்பொருட்டு எழுந்ததாகும். அரசு அல்லாதார் பேரழிவு ஆயுதங்களைப் பெறாவண்ணம் சட்டமியற்றவும், ஏற்றுமதியையும் கப்பல் மாற்றத்தையும் இடைத்தரகையும் கட்டுப்படுத்தவும் எல்லா நாடுகளையும் அது கடமைப்படுத்தியது.

எல்லைத் தொழில் மண்டலத்தின் அமைப்பு

தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிந்து 2004 பிப்ரவரியில் உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தொழில் முகம் ஓசூர் ஆகும். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், அத்திப்பள்ளி எல்லைக்கு இப்பால் அமைந்த இந்நகரில் 1970களில் சிப்காட் தொழில் வளாகம் எழுந்தது. 1980களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆகியவற்றின் ஆலைகள் இங்கு வேரூன்றின. அவற்றுக்கு உதிரிபாகம் வழங்கும் சிறுதொழில்கள் பெருகின. அண்மைக்காலத்தில் மின்வாகனம், கைப்பேசி உதிரிபாகம், மின்னாற்றல் மின்னணுவியல் ஆகிய துறைகளும் மாவட்டத்தில் பரவியுள்ளன. 2019 ஜனவரியில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் பெருவழியின் ஐந்து மையங்களுள் ஓசூரும் ஒன்று.

எல்லைக்கு அப்பால் பெங்களூரில் 1953இல் தொடங்கப்பட்ட எச்எம்டி விதைத்த எந்திரக்கருவி மரபும், இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், இஸ்ரோ போன்ற நிறுவனங்களின் தேவையும் ஒரு பெருஞ்சந்தையை உருவாக்கியுள்ளன. இவ்விரு பகுதிகளையும் இணைப்பது ஜாப் ஒர்க் என்று தொழில் வட்டாரத்தில் வழங்கும் ஒப்படைப்பு வேலை முறையாகும். பெங்களூரிலுள்ள ஒரு நிறுவனம் வெளிநாட்டு ஆணையைப் பெறும். மூலப்பொருளையும் வரைபடத்தையும் ஓசூர்ப் பட்டறைக்கு அனுப்பும். கடைசல் ஓரிடத்திலும் வெப்பப் பதப்படுத்தல் வேறோரிடத்திலும் சாணை பிடித்தல் மற்றோரிடத்திலும் நடக்கும். முடிந்த பாகம் மீண்டும் எல்லை கடந்து பெங்களூர் விமான நிலையத்தையோ சென்னைத் துறைமுகத்தையோ அடையும்.

2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததோடு மாநில எல்லைகளின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் அகற்றப்பட்டன. இன்று ஒப்படைப்பு வேலைக்காக மாநில எல்லை கடக்கும் சரக்குக்கு, மதிப்பு எவ்வளவு குறைவாயினும் இ-வே பில் தேவை. எனவே நகர்வு பதிவாகிறது. ஆனால் பதிவாவது வரிக்கு வேண்டிய தகவலே. பரவல் தடுப்புக்கு வேண்டிய தகவலன்று.

அளவெல்லைகளும் சரக்குக் குறியீடும்

இவ்வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வழங்கும் நாடுகள் குழுவின் நெறிகளின்படி, 293 கெல்வின் வெப்பநிலையில் 460 மெகாபாஸ்கலோ அதற்கு மேலோ இழுவலிமை அடையவல்லதும், 75 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வெளிவிட்டமுள்ள குழாய் அல்லது உருளை வடிவிலிருப்பதுமான அலுமினியக் கலவை கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. பட்டறைகளில் பரவலாகப் புழங்கும் 6061-டி6 வகைக் கலவையின் இழுவலிமை ஏறத்தாழ 310 மெகாபாஸ்கல். ஆகவே அது வரம்புக்கு வெளியே நிற்கிறது. வான்வெளித் துறையில் புழங்கும் 7075-டி6 வகையின் இழுவலிமை ஏறத்தாழ 570 மெகாபாஸ்கல். 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயாயின் இது வரம்புக்குள் வந்துவிடுகிறது. 'அடையவல்லது' என்னும் சொல் வெப்பப் பதப்படுத்தலுக்கு முந்திய நிலையையும் உள்ளடக்கும். எனவே மென்மையான நிலையில் பட்டறைக்கு வரும் கட்டியும் விலக்குப் பெறாது.

இவ்விரு குழாய்களும் சுங்க வகைப்பாட்டில் 7608 என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடங்கும். இ-வே பில்லில் அத்தலைப்பும் மதிப்பும் வண்டி எண்ணும் இருக்கும்; இழுவலிமையும் விட்டமும் இரா. அத்தகவல் இருக்குமிடம் இரண்டே: மூலப்பொருளோடு வரும் சோதனைச் சான்றிதழ், பட்டறை மேசையிலுள்ள வரைபடம். ஆக, கட்டுப்பாட்டுக்கு இன்றியமையாத தகவல் அரசின் பதிவேட்டில் இல்லாமல் பட்டறையின் கோப்பில் இருக்கிறது.

எந்திரங்களுக்கும் இவ்வாறே அளவெல்லைகள் உண்டு. 35 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விட்டத்தைக் கடையவல்ல, 6 மைக்ரோமீட்டரைவிட நுண்ணிய நிலைத் துல்லியமுள்ள கடைசல் எந்திரமும், ஐந்து அச்சுகளை ஒருங்கே இயக்கவல்ல மில்லிங் எந்திரமும் பட்டியலில் உள்ளன. அதே வேளை, சக் பொருத்த இயலாததும் 42 மில்லிமீட்டருக்கு மேற்படாத கம்பியை மட்டும் கடைவதுமான 'சுவிஸ் வகை' எந்திரங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. கடிகாரப் பாகம் போன்ற சிறு பாகங்களைச் செய்வோர்க்குத் தேவையற்ற சுமை நேராதிருக்க இவ்விலக்கு உதவுகிறது. மின்னணுத் துறையில் 600 ஹெர்ட்சுக்கு மேல் இயங்கும் சிலவகை அதிர்வெண் மாற்றிகளும், உலோகத் துறையில் 1950 மெகாபாஸ்கல் வலிமை அடையவல்ல மாரேஜிங் எஃகும் பட்டியலில் இடம்பெறுகின்றன.

அளவெல்லையைத் தாண்டிய பொருள் யாவும் ஆயுதத்துக்கே உரியது என்று கொள்வதும் பிழை. 2001இல் ஈராக்குக்குச் சென்ற வழியில் பிடிபட்ட 7075-டி6 அலுமினியக் குழாய்கள் 81 மில்லிமீட்டர் விட்டமுடையவை. அவை மையவிலக்குக் கருவிக்கானவை என்று அமெரிக்கா வாதிட்டது. அவை ஏவுகணைக் குழலுக்கானவை என்ற விளக்கமே பொருந்துவதாக முகமையின் ஆய்வு காட்டியது. பின்னர் வந்த விசாரணைகளும் அதையே உறுதிப்படுத்தின. ஆயினும் 2003ஆம் ஆண்டுப் போருக்கு முன்வைக்கப்பட்ட காரணங்களுள் அக்குழாய்களும் இருந்தன. அளவெல்லை ஒரு வினாவை எழுப்புமேயன்றித் தீர்ப்பை வழங்காது என்பதை இந்நிகழ்வு வலியுறுத்துகிறது.

சட்டத்தின் வீச்சும் இடைவெளியும்

இந்தியாவில் இத்துறையை ஆளும் சட்டங்களுள் முதன்மையானவை இரண்டு. 1992ஆம் ஆண்டு அயல்நாட்டு வணிக (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை)ச் சட்டத்தில் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குறித்த பொருள்கள், சேவைகள், தொழில்நுட்பம் பற்றிய தனி இயல் சேர்க்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு பேரழிவு ஆயுதங்கள் சட்டம் அவ்வாயுதங்கள் தொடர்பான செயல்களைக் குற்றமாக்கியது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றுக்கு நிதியளிப்பதையும் தடைசெய்தது.

கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் தொகுப்பு ஸ்கோமெட் பட்டியல் எனப்படும். இதன் சுழியம் பிரிவிலுள்ள அணுசக்திப் பொருள்களுக்கு அணுசக்தித் துறையும், ஆறாம் பிரிவிலுள்ள படைக்கலப் பொருள்களுக்குப் பாதுகாப்பு உற்பத்தித் துறையும், பெரும்பாலான பிறவற்றுக்கு அயல்நாட்டு வணிகத் தலைமை இயக்குநரகமும் அனுமதி வழங்குகின்றன. இந்தியா 2016இல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பிலும், 2017இல் வாசெனார் ஏற்பாட்டிலும், 2018இல் ஆஸ்திரேலியக் குழுவிலும் உறுப்பினரானது. அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழுவில் உறுப்பினராகாத நிலையிலும் அதன் பட்டியல்களைத் தன் பட்டியலோடு இசைவித்துள்ளது.

சட்டத்தின் வீச்சு பட்டியலோடு நிற்பதில்லை. பட்டியலில் இல்லாத பொருளாயினும், அது பேரழிவு ஆயுதத்துக்குப் பயன்படவிருப்பதை அறிந்து ஏற்றுமதி செய்வது குற்றமாகும். வரைபடத்தையோ எந்திர நிரலையோ மின்னஞ்சலில் அனுப்புவதும் தொழில்நுட்ப மாற்றமாகக் கருதப்படும். காகிதத்தில் நோக்கின் இக்கட்டமைப்பு உலகத் தரத்துக்கு ஒப்பானதே.

இடைவெளி வேறிடத்தில் உள்ளது. உரிமம் பெறும் கடமை ஏற்றுமதியாளருக்கு உரியது. ஓசூரிலுள்ள ஒப்படைப்புப் பட்டறை ஏற்றுமதி செய்வதில்லை. உள்நாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்து கொடுக்கிறது. ஆகவே பொருளின் தொழில்நுட்பப் பண்பை நன்கறிந்தவருக்குச் சட்டக் கடமை இல்லை. கடமையுள்ளவர், குறிப்பாக இடையில் வாங்கி விற்கும் வணிகராயின், அப்பண்பை முழுதும் அறியார். 'அறிந்து' செய்வதே குற்றம் என்னும்போது, அறியாதிருப்பதே பாதுகாப்பு என்ற தவறான ஊக்கமும் உருவாகக்கூடும். ஷா ஆலமில் நிகழ்ந்ததும் அறிவின் இத்தகைய சிதறலே.

இரண்டாவது இடைவெளி மொழி சார்ந்தது. பட்டியலும் நடைமுறைக் கையேடும் ஆங்கிலத்தில் உள்ளன. தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்று, எந்திரம் இயக்கி, பின்னர்ச் சொந்தப் பட்டறை அமைத்தவர்க்கு மைக்ரோமீட்டரின் பொருள் எவரினும் நன்கு தெரியும். சட்ட ஆங்கிலத்தில் அமைந்த பட்டியலின் பொருள் அவர்க்கு எட்டுவதில்லை.

மூன்றாவது இடைவெளி பழைய எந்திரச் சந்தை சார்ந்தது. துல்லிய எந்திரத்தை இறக்குமதி செய்யும்போது இறுதிப் பயனர் உறுதிமொழி கோரப்படுகிறது. ஜப்பானிய உற்பத்தியாளர் பலர் இடமாற்றத்தை உணரும் அமைப்பைப் பொருத்துகின்றனர். எந்திரத்தை நகர்த்தினால், உற்பத்தியாளர் மீண்டும் திறந்துவிடும்வரை அது இயங்காது. ஆனால் அத்தகைய அமைப்பற்ற பழைய எந்திரம் கைமாறும்போது முதலில் அளித்த உறுதிமொழி அதனுடன் செல்வதில்லை.

எதிர்வாதங்கள்

கட்டுப்பாடுகளை விரிவாக்குவதற்கு எதிரான வாதங்களும் புறந்தள்ளத்தக்கவை அல்ல. முதலாவது நீதி பற்றியது. அணு ஆயுத நாடுகள் தம் ஆயுதங்களை வைத்துக்கொண்டு பிறர்க்குத் தடை விதிக்கின்றன என்பது இந்தியாவின் நெடுநாளைய முறையீடு. தொழில்நுட்ப மறுப்பின் பயனை இந்தியா நேரடியாக அனுபவித்துள்ளது. 1992இல் கடுங்குளிர் எந்திர ஒப்பந்தத்தின் பொருட்டு இஸ்ரோமீது அமெரிக்கா தடை விதித்தது. கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் அமெரிக்காவின் தடைப்பட்டியலிலிருந்து 2025 ஜனவரியில்தான் நீக்கப்பட்டது. இம்முறையீடு வலிமையுடையது. எனினும் ஆயுதக் குறைப்பில் வல்லரசுகள் காட்டும் தாமதம், ஓர் இடைத்தரகர் வலையமைப்பு எந்திரப் பாகங்களைத் திரட்டுவதை நியாயமாக்காது. அத்தகைய வலையமைப்பால் மிகுதியும் பாதிக்கப்பட்ட நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

இரண்டாவது வாதம் சுமை பற்றியது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையால் தனி இணக்க அலுவலரை அமர்த்த இயலாது. அச்சத்தால் பெரிய வாங்குநர்கள் சிறு பட்டறைகளைத் தவிர்க்கத் தொடங்கினால், நேர்மையாளரே தண்டிக்கப்பட்டவராவர். இவ்வாதம் முழுதும் ஏற்கத்தக்கது. ஆகவே சீர்திருத்தம் புதிய உரிமங்களைப் பெருக்குவதாக இல்லாமல், இருக்கும் தகவலை உரிய இடத்துக்குக் கொண்டுசெல்வதாக அமைய வேண்டும்.

வலுப்படுத்தும் வழிகள்

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் ஐந்து வழிகளை முன்வைக்கலாம்.

முதலாவதாக, கொள்முதல் ஆணையில் ஸ்கோமெட் நிலையைக் குறிப்பிடுதல். ஏற்றுமதிக்கான பாகத்தை ஒப்படைக்கும் நிறுவனம், அது பட்டியலுக்கு உட்பட்டதா இல்லையா என்பதை ஆணையிலும் டெலிவரி சலானிலும் ஒரு வரியில் எழுத வேண்டும். பெரிய வாகன, வான்வெளி நிறுவனங்கள் தரச்சான்று பற்றிய நிபந்தனைகளை இவ்வாறே சங்கிலியின் கடைசிக் கண்ணி வரை கொண்டுசெல்கின்றன. ஆகையால் இது புதிய பழக்கமன்று.

இரண்டாவதாக, தமிழிலும் கன்னடத்திலும் சுருக்க அட்டவணை. மண்டலத்தில் புழங்கும் உலோகங்கள், எந்திரங்கள், மின்னணுக் கருவிகள் ஆகியவற்றுக்கு மட்டும் உரிய அளவெல்லைகளை ஒரே தாளில் தரலாம். கலைச்சொல்லாக்கத்தில் வல்ல தமிழ்த் துறைகளும் பொறியியல் துறைகளும் இணைந்து செய்யத்தக்க பணி இது. பட்டறையில் வழங்கும் சொற்களையே அதில் ஆளுதல் வேண்டும்.

மூன்றாவதாக, தொழிற்சங்க அளவில் ஓர் உதவி மையம். ஓசூர் சிறு மற்றும் குறுந்தொழில்கள் சங்கம் போன்ற அமைப்பின்வழி, ஐயம் எழும்போது வரைபடத்தின் உரிமையாளர் பெயரை மறைத்துக் கருத்துக் கேட்கும் வசதி இருப்பின், வணிக இரகசியமும் காக்கப்படும், தயக்கமும் நீங்கும். எந்திரத் துல்லியத்தை அளந்து சொல்ல, பெங்களூரின் மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் போன்றவற்றின் ஆய்வகத் துணையைப் பெறலாம்.

நான்காவதாக, பாடத்திட்டம். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியிலும் மாவட்டத்தின் பல்தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் உற்பத்திப் பொறியியல் பயிலும் மாணவர்க்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு பற்றிய சில வகுப்புகள் போதும். எதைச் செய்வது என்பதோடு யாருக்குச் செய்வது என்பதையும் கேட்கும் பழக்கம் அங்குத் தொடங்க வேண்டும்.

ஐந்தாவதாக, பழைய எந்திர விற்பனையில் உறுதிமொழியின் தொடர்ச்சி. வரம்புக்குட்பட்ட எந்திரம் உள்நாட்டிலேயே கைமாறினும், இறுதிப் பயனர் உறுதிமொழியின் படியை விற்பவர் வாங்குபவரிடம் ஒப்படைத்து, இருவரும் ஆவணமாக வைத்திருக்கச் செய்யலாம்.

முடிவுரை

காப்புக் கண்காணிப்பின் வரலாறு, ஒவ்வொரு தோல்வியும் வலையை ஒருபடி விரிவாக்கிய வரலாறாகும். ஈராக் நிகழ்வு அறிவிக்கப்படாத இடங்களை நோக்கச் செய்தது. லிபிய நிகழ்வு நாடுகளுக்கு அப்பாற்பட்ட இடைத்தரகர்களை நோக்கச் செய்தது. அவ்விரிவாக்கத்தின் இயல்பான அடுத்த நிலை, இடைத்தரகர் நாடிச் செல்லும் ஒப்படைப்புப் பட்டறையாகும்.

ஓசூர் – கிருஷ்ணகிரி மண்டலத்தில் சட்டம் இல்லாமலில்லை; திறனும் இல்லாமலில்லை. சட்டத்தை அறிந்தவரிடம் தொழில்நுட்பத் தகவலும், அத்தகவலைக் கொண்டவரிடம் சட்ட அறிவும் சென்று சேரவில்லை என்பதே குறை. பாதுகாப்புத் தொழில் பெருவழியின் மையமாக வளர்ந்துவரும் ஒரு பகுதிக்கு இக்குறையை நீக்குவது வணிக நலனும் ஆகும். தான் செய்த பாகம் எங்குச் செல்கிறது என்று சொல்லக்கூடிய பட்டறையையே உலகச் சந்தையின் நம்பகமான வாங்குநர்கள் நாடுவர். வியன்னாவிலிருந்து வரும் ஆய்வாளர் கூடங்குளத்தின் முத்திரையைச் சரிபார்க்கலாம். சிப்காட்டின் ஒரு பட்டறையில் வரைபடத்தை விரித்து, இக்குழாய் எதற்கு என்று கேட்க வேண்டியவர் அப்பட்டறைக்காரரே. அவ்வினாவை அவர் அச்சமின்றிக் கேட்கவும், கேட்டால் விடை பெறவும் வழி செய்தலே இம்மண்டலத்தில் காப்பு ஏற்பாடுகளை வலுப்படுத்துவதன் உட்பொருள் எனலாம்.